முதலில் ஆணியைத் தேடுங்கள்: பழைய ஹோம்ஸ்டெட் மனைகளில் மெட்டல் டிடெக்டர் வேலை

பழைய ஹோம்ஸ்டெட் மனையில் டிடெக்டரின் காயிலை, அதாவது அதன் வட்டத் தலையை, தரையோடு கொண்டுபோன உடனே ஹெட்போனில் இரும்புச் சத்தம் கொட்டத் தொடங்கும். ஆணி, அடுப்புத் துண்டு, முள்கம்பி, வண்டிச் சக்கரத்துப் பட்டை என்று எல்லாம் சேர்ந்து இரையும். புதிதாக வருபவர்கள் அந்தச் சத்தம் பொறுக்காமல் டிஸ்க்ரிமினேஷனை ஏற்றி இரும்பை முழுதாக அடைத்துவிடுவார்கள். இல்லையென்றால் நூறடி தள்ளி, சத்தமில்லாத புல்வெளிக்குப் போய்விடுவார்கள். எப்படிச் செய்தாலும் வெறுங்கைதான். ஆணி கிடக்கும் இடத்தில்தான் வீடு இருந்தது. வீட்டைச் சுற்றித்தான் ஆட்கள் நடந்தார்கள், துணி உலர்த்தினார்கள், சட்டைப் பையிலிருந்து காசைத் தவறவிட்டார்கள். அதனால் நண்பர்களோடு எந்த மனைக்குப் போனாலும் நாங்கள் முதலில் தேடுவது ஆணியைத்தான்.

ஹோம்ஸ்டெட் என்பது அமெரிக்க அரசு குடியேறியவர்களுக்குக் கொடுத்த நிலம். 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி ஒருவருக்கு 160 ஏக்கர் வரை கிடைக்கும். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, மண்ணை உழுது பயிர் வைத்துக் காட்டினால் நிலம் சொந்தமாகிவிடும். வறண்ட மேற்குப் பகுதிகளுக்கு 1909-ல் 320 ஏக்கராகவும், மேய்ச்சல் நிலத்துக்கு 1916-ல் 640 ஏக்கராகவும் அளவை உயர்த்தினார்கள். 1976-ல் சட்டம் முடிவுக்கு வந்தது. அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. மொத்தம் சுமார் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் போயிருக்கிறது. தேடுபவர்களுக்கு இதில் பெரிய வசதி, ஒவ்வொரு மனைக்கும் அரசிடம் காகிதம் இருப்பதுதான்.

அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்க அரசின் பொதுநிலத் துறையான பியூரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட்டின் ஜெனரல் லேண்ட் ஆபீஸ் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயரை வைத்தும் தேடலாம், டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் என்ற நில அளவைக் கட்டங்களின் எண்களை வைத்தும் தேடலாம். ஒரு செக்ஷன் 640 ஏக்கர். அதில் கால்பங்குதான் வழக்கமான ஹோம்ஸ்டெட். ஆனால் 160 ஏக்கர் என்பது அரை மைலுக்கு அரை மைல். அதற்குள் வீடு எங்கே என்பதைப் பட்டா சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது வாஷிங்டனில் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் வைத்திருக்கும் மனைக் கோப்பு. நிலம் சொந்தமாகும் கட்டத்தில் மனைக்காரரும் அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இருவரும் கொடுத்த வாக்குமூலம் அதில் இருக்கும். வீட்டின் நீள அகலம், கதவு ஜன்னல் எத்தனை, கிணற்றின் ஆழம், கொட்டில், வேலி, எத்தனை ஏக்கர் உழுதார்கள் என்று பல கோப்புகளில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். பட்டா எண், நில அலுவலகத்தின் பெயர், நில விவரம் மூன்றும் கையில் இருந்தால் கோப்பைத் தேடி எடுப்பது சுலபம். டெக்சாஸிலும் கிழக்கின் பழைய மாநிலங்களிலும் கூட்டரசுப் பொதுநிலம் இந்த முறையில் பிரித்துக் கொடுக்கப்படவில்லை. அங்கே கவுண்ட்டி (மாவட்ட) அலுவலகப் பத்திரங்களைத்தான் நம்ப வேண்டும்.

கோப்பை அடுத்துப் பழைய வரைபடங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யூஎஸ்ஜிஎஸ்-இன் பழைய டோப்போ (நிலவமைப்பு) வரைபடங்களில் வீடுகளைச் சின்னக் கறுப்புச் சதுரங்களாகக் குறித்திருப்பார்கள். அவை இணையத்தில் இலவசம். 1930-களின் பின்பாதியில் வேளாண் துறை எடுத்த வான்படங்களில் வீட்டுக்குப் போன பாதையும் மர வரிசையும் தெரியும். இப்படி இடத்தை ஓரளவு குறுக்கிய பிறகு நேரில் போனால் செடிகளே காட்டிக்கொடுத்துவிடும். யாரும் குடியில்லாத வெட்டவெளியில் லைலாக் புதரோ ஐரிஸ் கொத்தோ தானாக முளைக்காது; யாரோ வாசலில் நட்டது. நேர்க்கோட்டில் நிற்கும் மரங்கள், தரையில் சதுரமாக அமுங்கிய நிலவறைக் குழி, ஒரே அளவில் கிடக்கும் அஸ்திவாரக் கற்கள், இவற்றுக்காகவே ஒருமுறை டிடெக்டர் இல்லாமல் நடந்து பார்ப்பது நல்லது.

இடம் தெரிந்துவிட்டது என்பதற்காக உள்ளே இறங்கிவிடக் கூடாது. 1930-களின் வறட்சியில் கைவிடப்பட்ட பண்ணை நிலங்கள் பலவற்றை அரசே திரும்ப வாங்கியது. 1937-ஆம் ஆண்டு பேங்க்ஹெட்-ஜோன்ஸ் சட்டத்தின் கீழ் இருந்த அத்தகைய நிலங்களில் ஒரு பகுதிதான் இன்றைய நேஷனல் கிராஸ்லேண்ட்கள் (கூட்டரசின் புல்வெளி நிலங்கள்). வேலியில்லாமல், ஆளில்லாமல், இடிந்த வீட்டோடு கிடக்கும் இடம் கூட்டரசு நிலமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கூட்டரசு நிலத்திலும் பழங்குடியினர் நிலத்திலும் 100 வயது தாண்டிய தொல்பொருட்களை அனுமதியில்லாமல் தோண்டி எடுப்பது 1979-ஆம் ஆண்டு தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கே 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. பொருளின் மதிப்பும் சேதத்தைச் சரிசெய்யும் செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் இரண்டுமே இரட்டிப்பு. நேஷனல் பார்க்குக்குள் தோண்டவே வேண்டாம், டிடெக்டரைக் கையில் வைத்திருப்பதே தவறு. மாநிலப் பூங்காக்களின் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே தனியார் நிலம், அதுவும் எழுத்தில் அனுமதியோடு. இதில் சமரசமே கிடையாது.

உரிமையாளர் யார் என்பதைக் கவுண்ட்டி வரி மதிப்பீட்டு அலுவலகத்தின் வரைபடத்தில் பார்க்கலாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மாடு மேய்ப்பவர் வேறொருவராக இருந்தால் அவரிடமும் கேட்க வேண்டும். அனுமதித் தாளில் ஐந்து விஷயம் போதும்: வருபவர்களின் பெயர்கள், தேதி, நிலத்தில் எந்தப் பகுதி, கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது, குழிகளை மூடிக் கதவுகளை இருந்தபடியே விட்டுப் போவோம் என்ற உறுதி. வேறு பேச்சு இல்லையென்றால் மண்ணுக்குள் கிடப்பது நிலத்துக்காரருடையது. அதனால் கிடைத்த எல்லாவற்றையும் அவர் முன்னால் பரப்பிக் காட்டிவிட வேண்டும். அந்தக் குடும்பத்துப் பெயர் பொறித்த எதுவானாலும் பேச்சில்லாமல் அவர்களுக்கே போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. அனுமதி கேட்கும்போது உதவும் ஒன்று உண்டு. மேய்ச்சல் நிலத்தில் ஆணியும் கம்பித் துண்டும் மாட்டின் வயிற்றுக்குள் போனால் இரைப்பைச் சுவரைக் குத்திக் கிழித்து மாட்டையே கொன்றுவிடும். எடுக்கும் இரும்பை மண்ணில் திரும்பப் போடாமல் முழுதாக அள்ளிக்கொண்டு போகிறோம் என்று சொன்னால் மாடு வைத்திருப்பவர் காது கொடுத்துக் கேட்பார். சொன்னபடி செய்யவும் வேண்டும்.

ஆட்கள் இன்னும் குடியிருக்கும் வளாகமாக இருந்தால் தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து நிலத்தடிக் கம்பிகளையும் குழாய்களையும் குறிக்கச் சொல்லுங்கள். அவர்கள் குறிப்பது பொதுச் சேவை நிறுவனங்களின் இணைப்புகளை மட்டும்தான். கிணற்று மோட்டாருக்குப் போகும் கம்பி, புரொப்பேன் குழாய் போன்றவற்றை வீட்டுக்காரரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் வரும் முதல் தொல்லை, ஒருவர் கருவி இன்னொருவர் கருவியைக் கிளறுவது. ஒரே அலைவரிசையில் ஓடும் இரண்டு விஎல்எஃப் (மிகக் குறைந்த அலைவரிசை) டிடெக்டர்கள் நெருங்கினால் இரண்டுமே உளறும். 30 முதல் 50 அடி இடைவெளி விட வேண்டும். குறுக்கீட்டைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சல் பொத்தானை எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது. ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர். அதிலும் தீராவிட்டால் ஒருவர் மல்டி ஃப்ரீக்வென்சியில் இருக்க, மற்றவர் ஒற்றை அலைவரிசைக்கு மாறிப் பார்க்கலாம். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் வேண்டாம், காயில் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அதைத்தான் கண்டுபிடிக்கும். அடையாளக் கொடிகளிலும் இதே சிக்கல். கடையில் மலிவாகக் கிடைப்பவை கம்பிக் காம்பில் வரும், கொடி நட்ட இடமெல்லாம் இரும்பாகிவிடும். பிளாஸ்டிக் அல்லது ஃபைபர்கிளாஸ் காம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது ஆணி வரைபடம். ஒருவர் 11 அங்குலக் காயிலோடு, எந்த உலோகத்தையும் அடைக்காமல், பத்தடிக்கு ஒரு கோடாக நேராக நடக்க வேண்டும். தோண்டவே கூடாது. இரும்புச் சத்தம் நெருக்கமாகத் தொடங்கும் இடத்தில் ஒன்றும் விட்டுப்போகும் இடத்தில் ஒன்றுமாகப் பின்னால் வருபவர் கொடி நட்டுக்கொண்டே போவார். அரை மணி நேரம் நடந்தால் கொடிகள் ஓர் உருவத்துக்கு வந்துவிடும். சின்னச் சின்ன ஆணிச் சத்தம் கம்பளம் விரித்த மாதிரி நெருங்கிக் கிடந்தால் அது வீடு. பெரிய, தடித்த சத்தம் இடைவெளி விட்டு வந்தால் அது கொட்டில்: லாடம், போல்ட், ஏர்முனை, சேணத்து வளையம். தகர டப்பாவும் சாம்பலும் உடைந்த கண்ணாடியும் ஒரே குவியலாக இருந்தால் குப்பை மேடு. உழுத வயலாக இருந்தால் இந்த உருவம் உழவு ஓடிய திசையில் இழுபட்டு நீண்டிருக்கும், நடுவை அந்தக் கணக்கில் மதிப்பிட வேண்டும்.

வீட்டுப் பகுதியில் ஐந்தாறு ஆணிகளை மட்டும் எடுத்துத் துருவைத் தட்டிப் பாருங்கள். தண்டு சதுரமாகவோ செவ்வகமாகவோ இருந்து இரண்டு பக்கம் மட்டும் சரிந்து இறங்கினால் அது தகட்டிலிருந்து வெட்டிய ஆணி. உருண்டைத் தண்டென்றால் கம்பி ஆணி. சுமார் 1890-ஐ ஒட்டித்தான் கம்பி ஆணி மற்றதை ஓரங்கட்டியது. வெட்டாணி மட்டும் வந்தால் சீட்டட் லிபர்ட்டி டைம்களும் (10 சென்ட் காசு) ஷீல்டு நிக்கல்களும் (5 சென்ட் காசு) புழங்கிய காலம் என்று எதிர்பார்க்கலாம். கம்பி ஆணி மட்டும் என்றால் பார்பர் டைம் (1892–1916), லிபர்ட்டி நிக்கல், ஆரம்பகால வீட் சென்ட். கலந்து வந்தால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பழைய வீட்டைப் பிரித்து ஆணியை நிமிர்த்தி மறுபடி அடிப்பது அங்கே சாதாரணம்.

வரைபடம் கிடைத்த பிறகுதான் சின்னக் காயில். ஆறு அங்குலக் காயிலின் கீழே ஒரே நேரத்தில் வரும் ஆணிகள் குறைவு, அதனால் இரண்டு ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் காசும் தனியாகப் பேசும். பெரிய காயிலில் அதே காசு ஆணியின் சத்தத்துக்குள் அமுங்கிப்போகும். எக்வினாக்ஸ் 800 டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் தொடக்க அமைப்பு: பார்க் அல்லது ஃபீல்டு மோட், ரிகவரி ஸ்பீடு 6, இரும்பு பயஸ் எஃப்2-வில் 0 முதல் 3, சென்சிட்டிவிட்டி 18 முதல் 20, குதிரைலாடப் பொத்தானை அழுத்தி எல்லா உலோகமும் திறந்தபடி. கருவி ஓயாமல் உளறினால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள், டிஸ்க்ரிமினேஷன் பக்கம் போகாதீர்கள். காயில் தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் எழக் கூடாது. வீச்சு நிதானமாக இருக்கட்டும், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியைத் திரும்பத் தொட வேண்டும்.

திரையில் தெரியும் எண்களைப் பொறுத்தவரை அந்தக் கருவியில் நிக்கல் 13-ஐச் சுற்றியும், இண்டியன் ஹெட் சென்ட் பெரும்பாலும் 20-ஐ ஒட்டியும், வெள்ளி டைம் 26, 27-லும், வெள்ளி குவார்ட்டர் (25 சென்ட்) 31, 32-லும் விழும். வேட்டைத் தோட்டாவின் பித்தளை அடிப்பகுதி நிக்கல் பக்கத்திலேயே வந்து நிற்கும், அதைத் தோண்டாமல் பிரிக்க வழியில்லை. மேசன் ஜாடியின் துத்தநாக மூடி உரத்து, வெள்ளிக் காசு போலவே கூப்பிடும். ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் காசு இந்த எண்களுக்கெல்லாம் கீழே இழுக்கப்பட்டு, தாவித் தாவிக் காட்டும். எண்ணைவிடச் சத்தம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

வளைந்த ஆணியும் தட்டையான இரும்பும் உயர்ந்த சத்தம் கொடுத்து ஏமாற்றும். அதைப் பிரிக்க இரண்டு சோதனை. சத்தம் வந்த இடத்தைச் சுற்றி 90 டிகிரி நடந்து, குறுக்குவாட்டில் வீசுங்கள். ஒரு திசையில் இனிமையாக வந்தது மறு திசையில் உடைந்து உறுமினால் பெரும்பாலும் ஆணி. அடுத்து, பொருள் கிடக்கும் நடுப்புள்ளியைக் காட்டும் பின்பாயிண்ட் பொத்தான்: உயர்ந்த சத்தம் கேட்ட இடத்துக்கும் பின்பாயிண்ட் காட்டும் நடுவுக்கும் இரண்டு மூன்று அங்குலம் விலகல் இருந்தால் அதுவும் ஆணிதான், சத்தம் அதன் முனையிலிருந்து வருகிறது. அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் நண்பரைக் கூப்பிடுங்கள். வேறு நிறுவனத்தின் கருவி, எக்ஸ்பி டியஸ் போன்ற ஒன்று, அதே இடத்தில் என்ன சொல்கிறது என்று தோண்டுவதற்கு முன்பே கேட்பது குழுவாகப் போவதன் மிகப் பெரிய பலன். தனியாக வருபவருக்கு இது கிடைக்காது.

வீட்டு மையத்தை முடித்ததும் எங்கே போவது? வாசற்படியிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து கொட்டில், பின்கதவிலிருந்து வெளிக் கழிப்பறை என்று ஆட்கள் தினம் நடந்த கோடுகளில் போங்கள். துணிக்கொடிக் கம்பங்களின் அடி, பெரிய மரத்து நிழல், வண்டி நின்ற வாயில் ஆகியவற்றைத் தவறவே விடாதீர்கள். ஓவரால் பொத்தான், சஸ்பெண்டர் கொக்கி, ஹார்மோனிகாவின் பித்தளை நாக்குத் தகடு, விரலுறை, பொம்மைத் துப்பாக்கி எல்லாம் இங்கேதான் வரும். காசைவிட ஹார்மோனிகாத் தகடு அதிகம் கிடைக்கும் மனைகள் உண்டு. எங்களுக்கு அதில் துளியும் ஏமாற்றம் கிடையாது. மின்சாரமில்லாத வீட்டின் மாலைப்பொழுது எப்படிப் போனது என்று அது சொல்கிறது.

தோண்டும் முறையில் கவனமாக இருந்தால்தான் அடுத்தமுறை கதவு திறக்கும். பின்பாயிண்ட் செய்த நடுப்புள்ளியிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, மூன்று பக்கம் மட்டும், லாட வடிவில், குறைந்தது நான்கு அங்குல ஆழத்துக்கு வெட்டுங்கள். நான்காவது பக்கம் வேரோடு ஒட்டியிருக்கட்டும், அதைக் கீலாக வைத்துப் புல்கட்டியைத் திருப்புங்கள். தளர்ந்த மண்ணை ஒரு துணியின்மேல் போடுங்கள், புல்மேல் சிதற விடாதீர்கள். முதலில் திருப்பிய கட்டியின் அடிப்பக்கம், அடுத்து குழியின் சுவர்கள், கடைசியில் தரை என்று கைப் பின்பாயிண்டரைக் கொண்டுபோங்கள். உலோகத்தைப் பார்த்ததும் குறுமண்வெட்டி முனையால் நெம்பாதீர்கள். 17.9 மில்லிமீட்டர் அகலமும் இரண்டரை கிராம் எடையும் உள்ள பார்பர் டைம் மண்ணிலிருந்து சாம்பல் பூத்து, விளிம்பின் பற்கள் கூர்மையாக வரும். ஒரே ஒரு கீறலில் அந்த அழகும் விலையும் போய்விடும். எடுத்த பிறகு குழியை மறுபடி ஒருமுறை சோதியுங்கள், பக்கத்திலேயே இரண்டாவது கிடப்பது உண்டு. பிறகு துணியிலுள்ள மண்ணைக் கொட்டி, கட்டியை மூடி, காலால் அழுத்துங்கள். திறந்து விட்ட குழியில் மாடு கால் வைத்தால் முறிவுதான். கொளுத்தும் கோடையில் நட்ட கட்டி பிழைக்காது, புல் வட்டம் வட்டமாகக் காய்ந்து நிற்கும். மழைக்குப் பிந்தைய வசந்தமும் இலையுதிர் காலமும் சரியான நேரம். ஈரமண்ணில் சிக்னலும் ஆழத்திலிருந்து வரும்.

ஆபத்துகளில் முதலிடம் கைவிடப்பட்ட கிணறுக்கு. கையால் வெட்டிய கிணறுகளைப் பலகை போட்டு மூடி, மேலே மண்ணைத் தள்ளியிருப்பார்கள். நூறு வருடத்தில் பலகை மக்கிப்போய் மேலே புல் மட்டும் நிற்கும். கோப்பில் கிணறு என்று எழுதியிருந்து தரையில் கிணறு தெரியவில்லை என்றால் அது எங்கோ காலடியில் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். வட்டமாக அமுங்கிய இடம், தனியாக நிற்கும் பம்புக் குழாய், காற்றாலைக் கோபுரத்தின் நான்கு அடிக்கால்கள் தெரிந்தால் நீண்ட கம்பால் குத்திப் பார்த்துவிட்டு, சுற்றிலும் பத்தடிக்குக் கயிறு கட்டி விலக்குங்கள். கிடக்கும் தகரத்தைத் தூக்கும்போது உங்கள் பக்கத்து விளிம்பு தரையில் இருக்க, தூர விளிம்பைக் கொக்கியால் தூக்குங்கள். உங்கள் பக்கத்து விளிம்பைத் தூக்கினால் அடியில் உள்ள ராட்டில்ஸ்னேக் என்ற நச்சுப்பாம்பு நேராக உங்களிடம்தான் வரும். எலிப்புழுக்கை நிறைந்த பழைய கொட்டிலைக் கூட்டிப் பெருக்க வேண்டாம், ஹன்டா வைரஸ் அந்தத் தூசியில் பரவும். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைப் பெயர்க்க விவசாயிகள் டைனமைட் பயன்படுத்திய காலம் அது. பென்சில் தடிமனில், ஒரு பக்கம் மூடிய சின்னச் செம்புக் குழாய் தென்பட்டால் அது வெடியூக்கியாக இருக்கலாம். தொடாமல் எல்லோரும் விலகி ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும். நீள்சதுரமாக அமுங்கிய மண்ணும் தலைமாட்டில் ஒரு கல்லும் தெரிந்தால் குடும்பக் கல்லறையாக இருக்கலாம், அந்தப் பக்கமே வேண்டாம். எலும்பு தென்பட்டாலும் வேலையை நிறுத்திவிட்டு ஷெரிஃபுக்குத்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக் காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, விரலால் தேய்க்காமல் அலசினால் போதும். செம்புக் காசை வருடம் தெரியும் வரை பல்குச்சியால் மட்டும் தொடுங்கள். 1877 இண்டியன் ஹெட் சென்ட் 8,52,500 தான் அச்சானது. அப்படி ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் சேகரிப்பாளர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இரும்புப் பொருளுக்கு மின்னாற்பகுப்பு: ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர், பொருளில் எதிர்முனை, எதிரே சாதா இரும்புத் தகட்டில் நேர்முனை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நேர்முனையில் வைத்தால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். முடிந்ததும் கழுவி, நன்றாகச் சூடாக்கி உலர்த்தி, உடனே மெழுகு பூசாவிட்டால் மறுநாளே துரு திரும்பிவிடும்.

ஒவ்வொரு பொருளையும் தனிப் பையில் போட்டு, கொடி எண்ணும் ஆழமும் எழுதிவையுங்கள். சத்தமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று தோன்றும்போது வீட்டு மையத்தில் பத்தடிக்குப் பத்தடியாக ஒரு சதுரத்தைக் கயிறு கட்டிப் பிரியுங்கள். மேலாக இரண்டு அங்குலத்தில் இருக்கும் ஆணிகளை வலுவான காந்தத்தாலும் கையாலும் முழுதாகப் பொறுக்கி வாளியில் போடுங்கள். நீண்ட, அலுப்பான வேலை. நான்கு பேர் இருந்தால்தான் ஒரு மதியத்தில் முடியும். பிறகு அதே சதுரத்தை, முன்பு நடந்த திசைக்குக் குறுக்காக, ஆறு அங்குலக் காயிலோடு மறுபடி வீசுங்கள். அதுவரை ஆணிக்கு அடியில் ஊமையாகக் கிடந்த காசுகளும் பொத்தான்களும் அப்போதுதான் பேசத் தொடங்கும்.